முண்ணாணில் ஒரு குழல்

முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கயிறே முண்ணாண். அதன் நடுவே நீர் தேங்கி நீண்ட குழியொன்று உண்டாவதைச் சிரிங்கோமயீலியா என்பர். சிரிங்ஸ் என்றால் கிரேக்க மொழியில் குழல். சூட்டையும் நோவையும் மூளைக்குக் கொண்டுசெல்லும் நார்கள் முண்ணாணின் நடுவில்தான் பக்கம் மாறுகின்றன. குழி முதலில் அறுப்பது அவற்றையே. தொடுகை நார்கள் பின்புறமாக ஏறுவதால் தப்பிவிடுகின்றன. ஆகவே கைக்குப் பொருள் தெரியும். அதன் சூடு தெரியாது. என்னைப்போல் சோல்டரிங் அயன் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு இது சிறிய விடயமல்ல. ஊரில் இப்படி நோகாத புண்ணைக் கண்டால் தொழுநோய் என்றே முதலில் சந்தேகிப்போம்.

காரணங்களில் முக்கியமானது, மூளியின் அடிப்பாகம் மண்டையோட்டின் துவாரத்தினூடாகக் கழுத்துக்குள் இறங்குவது. 1891இல் இதை விபரித்த ஹான்ஸ் கியாரியின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த நீர் ஒவ்வொரு இதயத்துடிப்போடும் மேலும் கீழும் அசையவேண்டும். இறங்கிய மூளி அவ்வழியை அடைத்து, துடிப்புத்தோறும் பம்பின் தண்டுபோல் நீரை முண்ணாணுக்குள் நெரிக்கிறது என எட்வர்ட் ஓல்ட்ஃபீல்டும் சகாக்களும் 1994இல் விளக்கினர். இது பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. சத்திரசிகிச்சையில் பிடரி எலும்பில் ஒரு பகுதியை அகற்றி, பெரும்பாலும் மூளையுறையையும் ஒட்டுப்போட்டு அகலமாக்கி, நீருக்கு வழி விடுகிறார்கள். வழமையாகக் குழியை எவரும் தொடுவதில்லை. வழி திறந்தால் அது தானாக வற்றவேண்டும். வற்றுகிறதா என்பதைப் பார்க்கவே எம்.ஆர்.ஐ. படம்.

இது கதிர்ப்படமன்று. உடம்பின் நீரிலுள்ள ஐதரசன் கருக்கள் பலத்த காந்தப்புலத்தில் வானொலி அலைக்குக் கொடுக்கும் பதில்தான் படமாகிறது. முன்பு பௌதிகம் படிப்பித்தவன் என்பதால் ஓர் இடைக்குறிப்பு: நான் குடியிருக்கும் சான் ஹோசேக்கு அருகே, ஸ்டான்போர்டில்தான் 1946இல் ஃபீலிக்ஸ் புளொக் இப்பரிவைக் காட்டினார். 1952இல் ஹார்வர்டின் பேர்செலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதர் அவர். அகதிகளால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் சொல்லிவைக்கலாம்.

சிகிச்சை முடிந்து மூன்று முதல் ஆறு மாதங்களில் முதற்படம், பின்னர் ஆண்டுக்கொன்று என்பது பொதுவான வழக்கம். வைத்தியருக்கு வைத்தியர் மாறும். என்னோடு வேலைசெய்யும் நண்பர் ஒருவருக்கு முதற்படத்தின் அறிக்கையில் ‘குழி தொடர்ந்தும் உள்ளது’ என்றிருந்தது. வெட்டியது வீண் என்று மனமுடைந்து, அடுத்த படத்துக்கே போகமாட்டேன் என்றார். பழைய படத்தைத் தேடி எடுத்து வைத்தியரிடம் கொடுத்தபின்புதான் தெரிந்தது: ஒன்பது மில்லிமீற்றர் அகலமாக இருந்த குழி ஐந்தாகியிருந்தது. வற்றுவதற்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகளும் செல்லும். முழுவதும் மறையவேண்டியதில்லை.

தனிப்படமொன்று மிகக் குறைவாகவே சொல்லும். அதே மட்டத்தில், அதே வகைப் படத்தில், முன்னைய அளவோடு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். ஆனால் எங்கள் வாழ்க்கை எப்படி? வேலை மாறக் காப்புறுதி மாறுகிறது, காப்புறுதி மாற வைத்தியசாலை மாறுகிறது, பழைய படம் பழைய இடத்திலேயே கிடக்கிறது. தன் பதிவுகளின் பிரதியைக் கேட்டுப்பெற இங்கு நோயாளிக்குச் சட்ட உரிமையுண்டு. அறிக்கை மட்டும் போதாது. படங்களுள்ள இறுவட்டையும் கேளுங்கள்.

குழி சுருங்கினாலும் மரத்த கை பழையபடி ஆகாதிருக்கலாம். அறுந்த நார் மீள்வது அரிது. மாறாக, குழி மிஞ்சியிருக்கவே தலையிடி தீர்ந்தவர்களும் உண்டு. ஆனால் குழி மீண்டும் அகன்றால் தழும்பு அடைத்ததா, திறப்புப் போதவில்லையா என்று தேடவேண்டும். அப்போது நீரோட்டத்தையே காட்டும் ‘சினி’ எம்.ஆர்.ஐ. உதவும்.

போரில் முண்ணாண் காயப்பட்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கழிந்தும் இக்குழி தோன்றலாம். புதிதாக மரப்பு, பலவீனம் ஏறினால் பழைய காயம்தானே என்று விடக்கூடாது. இங்கே இன்னொரு சிக்கல். உடம்பிலுள்ள செல் துண்டு இரும்பானால் காந்தம் அதை அசைக்கலாம். கிரைண்டர் வேலையில் கண்ணுக்குள் போன இரும்புத்துகளும் அப்படியே. முன்கூட்டிச் சொன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். பலருக்கு அதன்பின்னும் படம் எடுக்க முடியும். ‘உடலில் உலோகம் உண்டா’ என்ற கேள்விக்கு, அகதி வழக்குக்கு ஆபத்தென்று பயந்து சிலர் ‘இல்லை’ என்று எழுதக்கூடும். அந்தக் கேள்வி வழக்குக்காகக் கேட்கப்படுவதல்ல. காந்த அறைக்குள் உங்களை விடலாமா என்று தீர்மானிப்பதற்கானது.