கடல் புறாவும் மலைநாட்டு வாசகரும்

வாரச் சஞ்சிகை வீட்டுக்கு வந்ததும் தகப்பனார் அரசியற் பக்கத்தைப் புரட்டுமுன்னரே, பிள்ளைகள் அதைப் பறித்துக்கொண்டு தொடர்கதையைத் தேடி ஓடிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் போரும் வீரமும் மர்மமும் கலந்த கதைகளால் தமிழ் மக்களைக் கட்டிப்போட்டவர்களுள் ஒருவர் சாண்டில்யன் (1910–1987). ‘குமுதம்’ இதழில் 1960களில் தொடராக வெளிவந்து, பின்னர் மூன்று பாகங்களாக நூலுருப் பெற்ற அவரது ‘கடல் புறா’ இன்றும் படிக்கப்படுகின்றது. அதனைப் படித்தவர்கள் சொல்லும் அபிப்பிராயங்கள் பலவகைப்பட்டவை. கந்தப்பளை போன்ற தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து நோக்குங்கால், அவ்வபிப்பிராயங்கள் ஒரு புதிய பொருளையும் பெறுகின்றன.

கதை நடப்பது பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில். சோழ நாட்டின் சமாதானத் தூதுடன் கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் இறங்கும் கருணாகர பல்லவன், அங்கே தமிழர்மீது பகைமை மூண்டிருக்கக் காண்கிறான். பின்னர் கடலோடியாகி, கொள்ளைத் தலைவன் அகூதாவிடம் கடற்போர் பயின்று, புறாவின் வடிவில் ஒரு மரக்கலம் சமைத்து, ஸ்ரீவிஜயப் பேரரசையே எதிர்க்கிறான். இவன் முற்றிலும் கற்பனைப் பாத்திரம் அல்லன். முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமானே கலிங்கத்துப்பரணியில் பாடப்பெறும் வீரன். 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் கடாரத்தின்மீது கப்பற்படை அனுப்பியதும் கல்வெட்டுச் சொல்லும் செய்தியே. இந்த எலும்புக்கூட்டுக்குச் சதையும் குருதியும் அளித்தது ஆசிரியரின் கற்பனை.

இளைஞர்கள் பெரிதும் புகழ்வது கதையில் வரும் போர்த் தந்திரங்களையே. சில கப்பல்களை மட்டும் வைத்துக்கொண்டு பெரும் படையை மடக்குவது எவ்வாறு? காற்றின் திசையையும் துறைமுகத்தின் அமைப்பையும் துணையாக்கிக் கொள்வது எவ்வாறு? இவற்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல ஆசிரியர் விளக்கிச் செல்கிறார். வெறும் உடல் வலிமையால் அன்றி, யோசனையால் வெல்லும் கதாநாயகனை மாணவர்கள் விரும்புவது இயல்பன்றோ?

குறை கூறுவோரும் உளர். வாரந்தோறும் எழுதப்பட்ட கதையாதலால், சென்ற வாரம் நடந்ததை இந்த வாரம் நினைவூட்டுதலும், அத்தியாயத்தின் முடிவில் திகைப்பை உண்டாக்கி நிறுத்துதலும் தவிர்க்க முடியாதவை. ஒரு வாரம் காத்திருந்து படித்தவனுக்கு அது சுவை. புத்தகமாக ஒரே மூச்சில் படிப்பவனுக்கு அதுவே அலுப்பு. இந்த வேறுபாட்டை உணராமல் ஆசிரியரைக் குறை கூறுதல் முறையன்று.

ஆனால், பெண்களைப் பற்றிய வருணனைகள்மீது சொல்லப்படும் குறையை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது. கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி வாளேந்தத் தெரிந்தவள். எனினும், அவளது அறிவையும் துணிவையும் கூறச் செலவிடும் வரிகளைக் காட்டிலும் அங்க அழகைக் கூறச் செலவிடும் வரிகளே மிகுதி என்று பெண்கள் கூறுவதில் நியாயம் இருக்கிறது. தாயும் பிள்ளைகளும் கூடியிருந்து வாசிக்கும்போது சில பக்கங்களை மெல்லத் தாண்டிச் செல்ல வேண்டியதாகிறது.

இந்நாட்டவர்க்கு மற்றொரு கேள்வியும் எழுகின்றது. சோழர் கடல் கடந்து பெற்ற வெற்றியைப் படித்து நாம் பூரிக்கிறோம். கதை நிகழும் அதே காலத்தில் இலங்கையின் நிலை என்ன? 993ஆம் ஆண்டளவில் தொடங்கிய சோழப் படையெடுப்பினால் அநுராதபுரம் வீழ்ந்தது. பொலன்னறுவை சோழரின் தலைநகராயிற்று. அவர்களை வெளியேற்ற நெடுங்காலம் போராடிய முதலாம் விஜயபாகு 1070ஆம் ஆண்டிலே வெற்றி பெற்றான். நம்முடைய கதையில் வீரர்களாக வருவோர், அடுத்த வீட்டுச் சிங்களப் பிள்ளையின் சரித்திரப் புத்தகத்தில் படையெடுப்பாளர்களாக வருகிறார்கள். இரண்டையும் அறிந்த மாணவனே சரித்திரம் அறிந்தவன். 1983 முதல் 2009 வரை ஒரு நெடும் போரைக் கண்ட நாடு இது. போர்க்களத்தில் வீழ்ந்தவனுக்கும் ஒரு தாய் உண்டு என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பரணி பாடிய பழம்புலவர்கூடப் பிணங்கள் நிறைந்த களத்தை மறைக்கவில்லை. இக்காலத்து வீரக்கதைகளோ வெற்றி முரசு ஒலித்ததும் அடுத்த அத்தியாயத்துக்கு விரைந்துவிடுகின்றன.

இவை எல்லாவற்றிலும் மேலாக, மலைநாட்டு வாசகன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது கடலைப் பற்றியது. எம் முன்னோரும் கடல் கடந்தவர்களே. ஆயினும் அவர்கள் வந்தது போர்க்கலத்தில் அன்று. முதலிற் கோப்பிக்கும், 1867இன் பின்னர் தேயிலைக்குமாகக் கங்காணிமார் திரட்டி வந்த கூட்டம் அது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்தோர் பலர்; நோயினால் வழியிலேயே மடிந்தோரும் பலர். 1914இன் பின்னர் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிற்று. பின்னர் 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென இரு அரசுகளும் இணங்கின. தமிழகத்து வீடுகளில் கருணாகரனின் கப்பல் வாராவாரம் வெற்றிநடை போட்ட அப்பத்தாண்டிலேதான், மலைநாட்டு லயங்களில் எந்தப் பிள்ளை கப்பலேறும், எது இங்கே தங்கும் என்ற கவலை குடிபுகுந்தது. தலைமன்னார்த் துறையிலே உறவினர் பிரிந்து அழுத காட்சிக்கு எந்தத் தொடர்கதையும் ஈடாகாது. அக்கப்பற் சேவையும் 1984இல் நின்றுபோயிற்று.

ஆகவே, ‘கடல் புறா’வைப் படிக்கலாமா என்று கேட்கும் மாணவர்க்கு, தாராளமாகப் படியுங்கள் என்பதே விடை. நீண்ட நூலை இறுதிவரை படிக்கும் பழக்கமும், திசையும் காற்றும் துறைமுகமும் பற்றிய ஆவலும் அதனால் உண்டாகும். ஆனால், படிக்கும்போது ஒரு வினாவையும் உடன் கொண்டு செல்லுங்கள்: அந்தக் கப்பலின் அடித்தளத்தில் இருந்து துடுப்பு வலித்தவன் யார்? அவனுடைய பெயர் என்ன? கதையில் அவனுக்கு இடம் மிகக் குறைவு. தளபதியின் பெயரைப் பரணி காத்தது. நாவல் அதனை வளர்த்தது. துடுப்பு வலித்தவனின் பெயரைக் காப்பார் இல்லை.

எமது பாட்டன் பாட்டியரும் அவ்வாறே பெயரின்றி மறையலாகாது. இராமேஸ்வரத்துக் கரையை நினைவில் வைத்திருந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். எஞ்சியிருப்போரிடம் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் முதலிற் பெயர் பதிந்தார்கள், யாரை வழியனுப்பினார்கள் என்று பிள்ளைகள் கேட்டு ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைக்கட்டும். பள்ளி விடுமுறையில் ஒரு நாட்பொழுது அதற்குப் போதும். வீரக்கதை படித்த ஆவல் அந்த வேலைக்குத் துணை செய்யுமாயின், அதைவிடச் சிறந்த பயன் அக்கதைக்கு வேறில்லை.