தண்ணீரைத் தொடர்ந்து சிசிலி

சிசிலி இன்று இத்தாலியின் ஒரு பகுதி. ஆனால் 1130 கிறிஸ்துமஸ் நாளில் நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் பலெர்மோவில் முடிசூட்டிக்கொண்டது முதல் 1816 வரை அது தனி அரசாகவே எண்ணப்பட்டது. இன்றும் தன்னாட்சி பெற்ற மாநிலம். அதன் சட்டமன்றம் கூடுவது அந்த நார்மன் மன்னர்கள் வாழ்ந்த அரண்மனையில்தான். பரப்பளவு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் எட்னா எரிமலை, மதோனியே மலைத்தொடர், ஏரிகள், கிரேக்கர் முதல் ஸ்பானியர் வரை ஆண்டுவிட்டுப்போன ஊர்கள். இத்தகைய சின்னத் தீவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று பட்டியல்கள் கிடைக்கும்: மலைகள், ஏரிகள், பழைய ஊர்கள். இப்படிப் பிரித்துப் பார்ப்பதே தவறு என்பது என் கருத்து. இம்மூன்றையும் கட்டிப்போட்டிருப்பது தண்ணீர். அதைத் தொடர்ந்து போகிறவருக்குத்தான் சிசிலி பிடிபடும்.

பலெர்மோவின் இருப்பிடமே இதற்குச் சான்று. முன்னால் கடல், பின்னால் அரைவட்டமாகச் சுண்ணாம்புக்கல் மலைகள், நடுவே ஒரு சமவெளி. மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். கோடையில் மழை பெரும்பாலும் பொய்த்தே போகும். குளிர்காலத்தில் பெய்த மழையை மலை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடிவாரத்தில் ஊற்றாக விடுகிறது. 831இல் நகரைப் பிடித்த அரபியர் வறண்ட வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். தண்ணீரின் அருமை அறிந்தவர்கள். நிலத்தடியில், ஆள் குனிந்து நடக்கும் அளவுக்குச் சுரங்கக் கால்வாய் வெட்டி, லேசான சரிவில் ஊற்றுநீரைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரும் முறை அவர்கள் வழி வந்தது. பின்வந்த நூற்றாண்டுகளிலும் மக்கள் அதை விடவில்லை. எலுமிச்சையும் கரும்பும் இந்தச் சமவெளியில் விளைந்தது அந்தப் பாசனத்தால்தான்.

1072இல் நகரைக் கைப்பற்றிய நார்மன்கள் அரபிக் கைவினைஞர்களை விரட்டவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கைவண்ணமான அரண்மனைக் கோயிலின் மரக்கூரையைப் பார்க்க உலகமே வருகிறது. அதே வரலாற்றை இன்னும் தெளிவாகச் சொல்லும் இடம் ஊருக்கு மேற்கே உள்ள சீசா. 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோடை அரண்மனை. அதன் கீழ்த்தள மண்டபத்தில் அந்நாளில் சுவரிலிருந்து விழும் நீர் பளிங்குச் சரிவில் வழிந்து, தரையில் வெட்டிய குறுகிய வாய்க்காலில் ஓடி, சிறு சதுரத் தொட்டிகளில் தங்கி, வெளியே இருந்த குளத்துக்குப் போகும். வாசல் வழியே வரும் கடற்காற்று அந்த ஈரத்தில் குளிர்ந்து மேல்தளங்களுக்கு ஏறும். நகரின் தென்கிழக்கே மாரெதோல்ச்சேயில் ரோஜர் மன்னர் ஊற்றுநீரைத் தேக்கி, நடுவே தீவோடு ஒரு ஏரியையே உண்டாக்கினார். ஏரி வற்றிப்போய் வெகுகாலமாகிறது. அந்தத் தீவு இப்போது பழத்தோட்டம். பயணிகள் கண்ணில் அதிகம் படாத இடம், அதுதான் வருத்தம்.

வடக்கே துறைமுகத்தை ஒட்டி எழுவது மோன்டே பெல்லெக்ரீனோ, 600 மீட்டர் உயரம். 1624இல் பிளேக் நகரைச் சூறையாடியபோது இந்த மலைக்குகையில் கிடைத்த எலும்புகள் தவக்கன்னி ரொசாலியாவுடையவை என்று நம்பி, மறுஆண்டு ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். நோய் அடங்கியது அவள் அருளால் என்பது ஊரின் நம்பிக்கை. குகைதான் கோயில். அதன் கூரையில் பாறை எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். சொட்டும் நீரைப் பிடிக்கத் தலைக்கு மேலே தகரக் கால்வாய்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அந்த நீரும் பக்தர்களுக்குத் தீர்த்தம். 1980களிலிருந்து இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள், கத்தோலிக்கர் மட்டுமல்ல இந்துக்களும், இந்த மலைக்கு நேர்த்திக்கடனோடு ஏறுகிறார்கள். மலை, குகை, சுனை, அருள்தரும் கன்னி என்று எல்லாமே நம் ஊர் மலைக்கோயிலின் இலக்கணம். அதனால்தான் அவர்களுக்கு இந்த இடம் அந்நியமாகப் படவில்லை.

ஏரிகள் என்றதும் ஒரு மறுப்பு எழும். சிசிலியின் உள்நாட்டில் குறிப்பிடத்தக்க இயற்கை ஏரி என்னா நகர் அருகிலுள்ள பெர்குசா ஒன்றுதான். மற்றவை அணைத் தேக்கங்கள், அவற்றில் என்ன அழகு என்று கேட்கலாம். ஏரிகளை வெட்டியே ஊர் உண்டாக்கிய நாம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. செம்பரம்பாக்கமும் வீராணமும் மனிதன் கரை போட்டவைதானே? பலெர்மோவிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் பியானா தெல்லி அல்பனேசி இருக்கிறது. துருக்கியருக்குத் தப்பி வந்த அல்பேனியர்கள் 1488இல் நிறுவிய ஊர். இன்றும் தம் மொழியைப் பேசுகிறார்கள், கிழக்குத் திருச்சபை முறையில் வழிபடுகிறார்கள். ஊருக்குக் கீழே 1920களில் அணை கட்டித் தேக்கிய ஏரி. ஐந்து நூற்றாண்டு மூத்த அகதிகளின் ஊரையும் நூறு வயது ஏரியையும் ஒரே பார்வையில் காண முடிகிற இடம் அபூர்வம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தோன்றுவது பலெர்மோவுக்கு மேற்கே பர்த்தினிக்கோ அருகிலுள்ள போமா ஏரி. வட இத்தாலியிலிருந்து வந்த டானிலோ டோல்ச்சி 1952இல் அருகிலுள்ள திராப்பேத்தோ என்ற ஏழை மீனவர் ஊரில் குடியேறினார். யாத்தோ ஆற்று நீர் குளிர்காலத்தில் வீணாகக் கடலில் கலந்தது. கோடையில் விவசாயி மாஃபியாக்காரர்களின் கிணற்றுநீரை அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கினார். 1956இல் டோல்ச்சி வேலையற்றவர்களைத் திரட்டிப் பழுதான பொதுப்பாதையைக் கூலியின்றிச் செப்பனிட வைத்தார், அதற்காகக் கைதானார். 1962இல் அந்த ஆற்றுக்கு அணை கேட்டு ஒன்பது நாள் உண்ணாவிரதம் இருந்தார். மறுஆண்டு வேலை தொடங்கியது. பிறகு நீரைப் பகிர விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். இத்தாலியர் அவரைச் சிசிலியின் காந்தி என்றார்கள். எந்த அரண்மனைக்கும் குறையாத வரலாற்றுச் சின்னம் அந்த அணைக்கரை.

அப்படியானால் மொன்ரியாலே, செஃபாலு தேவாலயங்களை விட்டுவிடுவதா? கூடாது. மொன்ரியாலேயின் பொன்னிற மொசைக் 6,000 சதுர மீட்டருக்கு மேல் பரந்தது. அதைத் தவறவிட்டால் நட்டம் நமக்குத்தான். செஃபாலுவுக்குப் பலெர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 1131இல் தொடங்கிய தேவாலயத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் சில படிகள் இறங்கினால் இடைக்காலத் துணி துவைக்கும் துறை. சிங்கமுகக் குழாய்களிலிருந்து குளிர்ந்த நீர் கல்தொட்டிகளில் கொட்டிக் கடலுக்கு ஓடுகிறது. அரசன் கட்டியதும் ஊர்ப் பெண்கள் புழங்கியதும் ஒரே ஊரில் கிடைக்கின்றன. பின்னால் தெரியும் மதோனியே மலையில் 1,979 மீட்டர் சிகரம் உண்டு. அந்த மலைப்பனியைக் குழிகளில் சேர்த்துவைத்து ஒரு காலத்தில் கோடையில் நகரங்களுக்கு இறக்கினார்கள்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. 2024இல் சிசிலியில் கடும் வறட்சி. மே மாதம் ரோம் அரசு அவசரநிலை அறிவித்தது. பெர்குசா ஏறக்குறைய முழுவதும் வற்றியது. இலையுதிர் காலத்தில் பலெர்மோவின் சில பகுதிகளுக்கே முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தாகத்தில் இருக்கும் தீவுக்குச் சுற்றுலா போய் அவர்கள் நீரைக் குடிக்க வேண்டுமா? 2019 கோடையில் ஏரிகள் வறண்ட சென்னையைப் பார்த்தவர்கள் இதை அலட்சியமாகத் தள்ள மாட்டார்கள். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுற்றுலா வருமானத்தை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. காலத்தையும் விதத்தையும் மாற்றினால் போதும். நீர் குறைந்து கூட்டம் மிகும் ஜூலை, ஆகஸ்டில் நீச்சல்குள விடுதியில் தங்குவதற்கும், ஏப்ரலிலோ மேயிலோ நகரில் ஒரு வீட்டில் தங்கிப் பேருந்தில் போய்வருவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மலையூர்களுக்குப் பேருந்து குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு என்பது உண்மைதான். ஆகவே ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பலெர்மோவில் உறவினர் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரொசாலியா திருவிழாவுக்கென்றே போனால் ஒழிய, ஜூலையைத் தவிருங்கள். மலைக்கோயிலும் மொன்ரியாலேயும் பார்த்த பிறகு ஒரு முழு நாளைப் பியானாவுக்கோ போமாவுக்கோ ஒதுக்குங்கள். கரையில் நின்று, அந்த ஆண்டு தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.