நட்சத்திரச் சின்னம் மறைந்த கதை

உலகெங்கும் வாக்காளர் வலதுசாரிக் கட்சிகளைக் கைவிட்டு வருகின்றனர் என்று கூறப்படுகிறதே, அது மெய்தானா என ஒரு மாணவர் வகுப்பில் வினவினார். அவர் முத்துப்பேட்டையைச் சேர்ந்தவர். அவருக்கு விடை கூற நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. காவிரியின் கடைமடையிலேயே அதற்கான பாடம் உண்டு.

முதலாவது, சொல்லின் பொருளைக் கவனிப்போம். 1789ஆம் ஆண்டு பிரெஞ்சு தேசிய மன்றத்தில் அரசரின் அதிகாரத்தை ஆதரித்தோர் தலைவரின் வலப்புறத்தில் அமர்ந்தனர். பெயர் அதிலிருந்து வந்தது. சொத்துரிமையையும் தனியார் தொழிலையும் முதன்மையாகக் கருதுவோர் ஒரு வகையினர். சமயத்தையோ இனத்தையோ தேசியத்தோடு பிணைப்போர் இன்னொரு வகையினர். இவ்விரு வகையினரும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதனாலேயே குழப்பங்கள் பல எழுகின்றன.

நம் நாட்டில் முதல் வகைக்குச் சுதந்திராக் கட்சியே தலைசிறந்த எடுத்துக்காட்டு. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை ஆதரித்துத் தீர்மானம் இயற்றிற்று. அதனை எதிர்த்து, அவ்வாண்டிலேயே இராஜாஜி, என். ஜி. ரங்கா, மினு மசானி முதலியோர் இக்கட்சியைத் தொடங்கினர். நிலவுச்சவரம்பையும் அது எதிர்த்தது. ஆயினும், 1952இல் முதலமைச்சராயிருந்தபோது தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தவரும் இதே இராஜாஜிதான். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலமுடைய மிராசுதாரர் பண்ணையாளை மனம்போல் வெளியேற்றலாகாது என்றது அச்சட்டம். செங்கொடியின் வளர்ச்சியைத் தடுக்கவே அது பிறந்தது என்பாரும் உளர். நோக்கம் எதுவாயினும் நற்பயன் விளைந்தது என்பதே என் எண்ணம்.

1967 தேர்தலில் நட்சத்திரச் சின்னம் மிக உயர்ந்து நின்றது. மக்களவையில் 44 இடங்கள் பெற்று, சுதந்திரா பெரிய எதிர்க்கட்சியாயிற்று. சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் அதற்கு 20 இடங்கள் கிடைத்தன. நான்கே ஆண்டுகளில், 1971இல், மக்களவை இடங்கள் 8 ஆயின, தமிழ்நாட்டிலிருந்து ஒன்றுமில்லை. 1974இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கலந்துவிட்டது. வாக்காளர் வலதுசாரியைக் கைவிட்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ என்று தோன்றும்.

ஆனால் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். 1967இல் தமிழ்நாட்டில் சுதந்திரா பெற்ற வெற்றி தி.மு.க. கூட்டணியில் கிடைத்தது. 1971இல் தி.மு.க. இந்திரா காந்தியோடு சேர்ந்தது. இராஜாஜியோ தம் நெடுங்காலப் போட்டியாளரான காமராசருடன் ஒரே மேடையில் நின்றார். உதயசூரியனின் வாக்குகள் விலகியதும் நட்சத்திரத்தின் சொந்த ஒளி எவ்வளவென்று தெரிந்துவிட்டது. கைவிடப்பட்டது கொள்கையா, கூட்டணியா? பெரும்பங்கு கூட்டணியே என்பேன். மேலும், தஞ்சையின் பெருநிலக்கிழார் பலர் சுதந்திராவில் அல்ல, காங்கிரசிலேயே இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

மெய்யான விலகல் வேறிடத்தில், வெகு முன்னரே நிகழ்ந்திருந்தது. கன்னட நாட்டினரான பி. சீனிவாசராவ் 1940களில் சேரிகளில் தங்கிச் சங்கம் கண்டார். சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பது அன்றைய கோரிக்கை. நில உடைமையாளரின் சொற்படி வாக்களிக்கும் வழக்கம் அன்றே தளரத் தொடங்கிற்று. அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பின் பாடல்கள் ஒலித்த அதே நாளில், கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழாரை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1970இல் உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைத்த திருத்தமும், 1971இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கிய சட்டமும் வந்தன. சொத்துரிமையைப் பேசிய கட்சிக்கு, குடிசையின் அடிமனைகூடச் சொந்தமில்லாத வாக்காளரிடம் சொல்ல ஏதும் இருக்கவில்லை.

இப்பாடத்தோடு இக்காலத்தை நோக்குவோம். இரண்டாம் வகையைச் சார்ந்த பாரதிய ஜனதா கட்சி 2019இல் 303 இடங்களும் 2024இல் 240 இடங்களும் பெற்றது. அயோத்தியை உள்ளடக்கிய பைசாபாத் தொகுதியையும் இழந்தது. எனினும் அதன் வாக்கு விழுக்காடு ஒன்றுகூடக் குறையவில்லை. தமிழ்நாட்டில் ஓரிடமும் பெறாத அக்கட்சியின் வாக்கு, அதிகத் தொகுதிகளில் நின்றமையால், சுமார் 11 விழுக்காடாக உயர்ந்தது. பிரிட்டனில் 2024இல் கன்சர்வேட்டிவ் கட்சி 121 இடங்களாகச் சுருங்கிற்று. ஆனால் அதனினும் வலப்புறமுள்ள ரிஃபார்ம் கட்சி 14 விழுக்காடு வாக்குப் பெற்றது. போலந்தில் 2023இல் பெரும்பான்மையை இழந்த சட்டமும் நீதியும் கட்சியின் ஆதரவு பெற்றவரே 2025இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆகவே அம்மாணவருக்கு, இடங்களை மட்டும் எண்ணாமல் வாக்குகளையும், வாக்குகளை எண்ணுமுன் கூட்டணியையும் பார்க்கும்படி கூறினேன். அவர் விடவில்லை. ‘அப்படியானால் ஐயா, எங்கள் பக்கத்து நாகப்பட்டினம் தொகுதியில் 2019இலும் 2024இலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வென்றதே, அது செங்கொடியின் வாக்கா, தி.மு.க. கூட்டணியின் வாக்கா?’ என்றார். பிரித்துச் சொல்ல என்னால் இயலவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன்.