ஒரு பலகையில் பல நாட்காட்டிகள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயில் பாதையை நீங்கள் அறிந்திருக்கலாம். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் வைகாசி விசாகம். அதையடுத்து நாசரேத்தில் ஈஸ்டர். காயல்பட்டினத்தில் நோன்புப் பெருநாள். பாதை முடியும் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நாள் பார்க்கும் முறை நான்கு தடவை மாறிவிடுகிறது!

இப்போது நாசரேத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆலயப் பாடகர் குழுவின் ஒத்திகை நாட்கள், மகளின் பள்ளி நாட்காட்டி, துபாயில் வேலை பார்க்கும் மகன் பகிர்ந்தனுப்பும் நாட்காட்டி, அரசு விடுமுறை நாட்கள் ஆகிய எல்லாம் இணையத்தில் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. அவை அனைத்தும் மேசைமீது இருக்கும் டேப்லெட்டில், ஒரே கட்டத்தில், வெவ்வேறு நிறங்களில் தோன்றுகின்றன. இது எவ்வாறு நிகழ்கிறது?

ஒரு நிகழ்ச்சி என்பது ஒரு சீட்டு

வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள ஒரு பொது மொழி வேண்டுமல்லவா? 'ஐகேலண்டர்' என்ற அந்த எழுத்து முறை 1998-இல் வகுக்கப்பட்டு, 2009-இல் திருத்தியமைக்கப்பட்டது. இதன்படி ஒவ்வொரு நிகழ்ச்சியும் சில வரிகள் கொண்ட ஒரு சீட்டு. தலைப்பு, தொடக்கம், முடிவு ஆகியவற்றோடு வேறெந்தச் சீட்டுக்கும் இல்லாத ஓர் அடையாளக் குறியும் அதில் இருக்கும். ஒத்திகை ஆறு மணியிலிருந்து ஏழு மணிக்கு மாறினால், டேப்லெட் அந்தக் குறியைப் பார்த்துப் பழைய சீட்டையே திருத்துகிறது; புதிதாக ஒன்றைச் சேர்ப்பதில்லை. ஆனால் தாயும் மகளும் அதே ஒத்திகையைத் தத்தம் நாட்காட்டியில் தனித்தனியே எழுதினால் குறிகள் இரண்டாகிவிடும். இரண்டும் ஒன்றே என்று கருவிக்குத் தெரியாது. ஆகவே இரட்டையாகக் காட்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். மகன் துபாயில் மாலை 5 மணி என்று குறித்தால், அது உலகப் பொது நேரத்தில் பகல் 1 மணி. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. எனவே நாசரேத்தில் மாலை 6.30 என்று தோன்றும். இது வசதியே. பிறந்தநாளுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஆகாது. அதை 'முழு நாள்' என்று குறிக்காமல், துபாய் நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று எழுதினால், இங்கே பின்னிரவு 1.30-க்குத் தொடங்கி மறுநாள் 1.30 வரை நீண்டு, இரண்டு நாட்களில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்று வழிகள்

டேப்லெட்டுக்குள் நாட்காட்டி வந்து சேரும் வழிகள் மூன்று. திரையில் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். குழப்பங்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதலாவது, கணக்கை இணைத்தல். கூகுள் கணக்கையோ பள்ளிக் கணக்கையோ டேப்லெட்டில் சேர்க்கிறீர்கள். கருவி அவ்வப்போது இணையத்திலுள்ள வழங்கியிடம், "நான் கடைசியாகக் கேட்டதற்குப் பின் மாறியவை எவை?" என்று கேட்டு, அவற்றை மட்டும் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் செய்த மாற்றங்களையும் அனுப்புகிறது. இதற்கான 'கால்டாவ்' என்ற பொது நெறி 2007-இல் வெளியாயிற்று. அதன்படி ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பதிப்புக் குறியும் உண்டு. தாய் பழைய பதிப்பைத் திருத்தி அனுப்பும்போது, அதற்குள் மகன் வேறுவிதமாகத் திருத்தியிருந்தால், பதிப்புக் குறி பொருந்தாது. வழங்கி தாயின் திருத்தத்தை ஏற்க மறுத்துவிடும். இது இருவழிப் பாதை என்பதை மறக்கலாகாது. இடம் அடைக்கிறதே என்று டேப்லெட்டில் ஒரு நிகழ்ச்சியை அழித்தால், துபாயிலும் அது மறைந்துவிடக்கூடும். பார்க்க வேண்டாமெனில் அந்த நாட்காட்டிக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டாலே போதும், அழிக்கத் தேவையில்லை.

இரண்டாவது, சந்தா. ஒரு முகவரியைக் கொடுத்தால், கருவியோ வழங்கியோ அதை அவ்வப்போது படித்துப் புதுப்பிக்கும். பார்க்கலாம், திருத்த முடியாது.

மூன்றாவது, கோப்பை இறக்கிச் சேர்த்தல். அது அன்றைய நிலையின் நகல் மட்டுமே. மூலம் பிறகு மாறினாலும் உங்களிடம் இருப்பது மாறாது. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் தொட்டுச் சேர்த்துவிட்டு, இனி எல்லாம் தானாகவே நடக்கும் என்று நம்புவோர் பலர்.

நிலவுக்கு விதி எழுத முடியுமா?

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா ஆகஸ்ட் 5. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். 'ஆண்டுதோறும்' என்ற ஒரு விதியைச் சேர்த்துவிட்டால் ஒரே சீட்டு எல்லா ஆண்டுகளுக்கும் போதும். 'மாதத்தின் இரண்டாம் ஞாயிறு' என்பதும் அந்த விதிமொழிக்கு எளிதே.

ஈஸ்டர் அப்படியன்று. மார்ச் 21-இலோ அதற்குப் பின்போ வருவதாகத் திருச்சபை அட்டவணை கூறும் முழுநிலவை அடுத்த ஞாயிறு அது. 2024-இல் மார்ச் 31. 2025-இல் ஏப்ரல் 20. 2026-இல் ஏப்ரல் 5. சூரசம்ஹாரம் ஐப்பசி அமாவாசைக்குப் பின்வரும் சஷ்டித் திதியில்: 2024-இல் நவம்பர் 7, 2025-இல் அக்டோபர் 27. இவற்றை யாரேனும் கணித்து, ஆண்டுக்கு ஒரு சீட்டாக எழுதிவைக்க வேண்டும். முன்கூட்டியே கணிக்க இயலும் என்பதால் இறக்கிய கோப்புகூட ஓரளவு உதவும்.

நோன்புப் பெருநாள் வேறு வகை. முந்திய மாலை பிறை தென்பட்டதா என்பதே அங்கு முடிவு. 2024-இல் கேரளத்தில் ஏப்ரல் 10-இலும், தமிழ்நாட்டில் தலைமை காஜியின் அறிவிப்புப்படி ஏப்ரல் 11-இலும் பெருநாள் வந்தது. இந்தியா முழுவதற்கும் ஒரே தேதி குறித்த எந்த நாட்காட்டியும் இவ்விரு மாநிலங்களுள் ஒன்றில் பொய்த்தே இருக்கும். காயல்பட்டினத்து நண்பர் வீட்டு விருந்துக்குச் செல்ல இருக்கும் நாசரேத்துக்காரர், சில மாதங்களுக்கு முன் இறக்கிய கோப்பை நம்பினால் ஒரு நாள் முன்னதாகவே போய் நிற்க நேரும். சந்தா நாட்காட்டி திருந்தும். ஆனால் புதுப்பிக்கச் சில மணி நேரமோ, சில வேளை ஒரு நாளோ ஆகலாம். பிறை அறிவிப்போ சூரியன் மறைந்த பிறகு வருவது. பெருநாள் மறுநாள் காலையே. அன்றிரவு டேப்லெட்டைவிடப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியே முந்திக்கொள்ளும். புதுப்பிக்கும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். நடுவிலுள்ள வழங்கி இன்னும் பழைய நகலையே வைத்திருந்தால் அதனாலும் பயனில்லை.