விதைப் பார்சல் வந்து சேரவில்லையா?

காரைக்கால் பகுதியில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பு, நிற்கும் நெற்பயிரிலேயே உளுந்து விதைப்பது வழக்கம். மண் மெழுகுப் பதத்தில் இருக்கும் அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் முளைப்பு குறைந்துவிடும். தபாலில் வரவேண்டிய விதையோ, ரைசோபியம் பொட்டலமோ அந்நேரத்தில் வராமற்போனால், விவசாயிகள் சும்மா காத்திராமல் உடனே தேடத் தொடங்க வேண்டும்.

முகவரியில் கவனம்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. ஆனால் புதுச்சேரி நகரின் பின்கோடு 605 என்றும், காரைக்காலின் பின்கோடு, அண்டையிலுள்ள மயிலாடுதுறையைப் போல, 609 என்றும் தொடங்கும். காரைக்கால் 609602, திருநள்ளாறு 609607. 'புதுச்சேரி' என்று மட்டும் எழுதி 605 எண்ணைப் போட்டுவிட்டால், பார்சல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய் நிற்கும். ஆகவே அனுப்பியவர் எழுதிய முகவரியை முதலில் கேட்டறிய வேண்டும்.

தேடும் முறை

விரைவு அஞ்சலில் அனுப்பிய பொருளுக்கு ரசீதில் 13 இலக்க எண் இருக்கும்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு ஒன்பது எண்கள், கடைசியில் 'ஐ.என்.'. அந்த ரசீதின் படத்தைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டு தபால் நிலையம் செல்ல வேண்டும். பொருள் கடைசியாக எங்கே பதிவானது என்பதை எண்ணைக் கொண்டு பார்த்துச் சொல்வார்கள். 'வீடு பூட்டியிருந்தது' என்று பதிவாகியிருந்தால், பார்சல் பொதுவாக ஏழு நாட்கள் வரை நிலையத்தில் இருக்கும். பிறகு அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வயலுக்குச் செல்லும் குடும்பத்தினர் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

தகவல் கிடைக்காவிட்டால், எண், அனுப்பிய தேதி, அனுப்பிய நிலையம், இரு முகவரிகள், உள்ளிருந்த பொருள், அதன் மதிப்பு ஆகியவற்றை எழுதி தபால் அதிகாரியிடம் புகார் கொடுத்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். 1800 266 6868 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் புகார் செய்யலாம்.

2024 ஜூன் 18 முதல் நடப்பிலுள்ள 2023-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின்படியும், பொருள் தொலைந்தால் தபால் துறையின் பொறுப்பு வரையறைக்கு உட்பட்டதே. எனவே விலை உயர்ந்த விதையை அனுப்புவோர் காப்பீடு செய்து அனுப்புவதே பாதுகாப்பு.

பார்சல் கிடைத்த பின்

உறை கிழிந்திருந்தால் கையெழுத்திடுமுன் தபால் ஊழியர் முன்னிலையில் பிரித்துப் பார்க்கக் கேட்க வேண்டும். வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த விதை முளைப்புத்திறன் குன்றும். 100 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தால், உளுந்தில் 75 விதைகளாவது முளைக்க வேண்டும். ரைசோபியம் பொட்டலத்தில் காலாவதி தேதியைப் பார்க்க வேண்டும்.

பார்சல் வராவிட்டால் விதைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். வேளாண் துறையிலோ, நம்பகமான அண்டை விவசாயியிடமோ விதை பெற்று, ஈரம் காயுமுன் விதைத்துவிட வேண்டும். புகாரை அடுத்த வாரமும் தொடரலாம். ஈரம் அடுத்த வாரம் இருக்காது.