தூசி மீது மட்டும் பழி போடலாமா?

கோலார் தங்க வயலில் காற்று பலமாக அடித்தால் பெருக்கித் துடைத்த வீட்டிலும் புழுதி படியும். தங்கம் பிரித்தபின் கொட்டிய கசடு 13 மேடுகளாகக் கிடக்கிறது, சுமார் 3.3 கோடி டன். ஊரார் வாயில் அவை ‘சயனைடு மலைகள்’. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. மலைகள் அப்படியே நிற்கின்றன. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதலில் பதிவானதே இங்குதான், 1940-களில். மூக்கடைத்தால் பழி தூசி மீது விழுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. தூசி இரண்டு துவாரங்களிலும்தான் புகும். ஒவ்வாமைக்காரர்களுக்கு வளரும் ‘பாலிப்’ சதையும் பெரும்பாலும் இருபுறமும்தான் இருக்கும். ஒரே பக்கம் வாரக்கணக்கில் அடைத்து, சீழோ ரத்தமோ வந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

குழந்தையின் ஒரு மூக்கில் மட்டும் நாற்றச் சளி என்றால் உள்ளே புளியங்கொட்டையோ மணியோ இருக்கக்கூடும். பொத்தான் பேட்டரி என்றால் சில மணி நேரத்தில் நடுச்சுவரையே அரித்துவிடும். பெரியவர்களுக்கு மேல் கடைவாய்ப் பல்லின் சீழ் சைனஸில் ஏறியிருக்கலாம். குளத்தில் குளிப்பவர்களைப் பிடிக்கும் ரைனோஸ்போரிடியோசிஸ், வெண்புள்ளிகளுடன் சிவந்த சதையாக வளரும், தொட்டாலே ரத்தம். தென் தமிழகத்திலும் இலங்கையிலும் மருத்துவர்களுக்குப் பழகிய நோய் இது.

பதின்வயதுப் பையனுக்கு ஒரு பக்கம் அடைத்து, அடிக்கடி ரத்தம் கொட்டினால் ஆஞ்சியோஃபைப்ரோமாவாக இருக்கலாம். இதைப் பாலிப் என்று நினைத்துத் துணுக்கு வெட்டினால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. அதனால்தான் முதலில் எண்டோஸ்கோப், பிறகு ஸ்கேன், அதன் பின்பே பயாப்சி. ‘இன்வர்ட்டட் பாப்பிலோமா’ புற்றுநோய் அல்ல. ஆனால் அது ஒட்டியிருக்கும் எலும்புவரை சுரண்டி எடுக்காவிட்டால் மறுபடி வளரும். சிலருக்குப் புற்றாகவும் மாறும். எடுத்த சதையை முழுவதுமாகப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும்.

கன்னம் மரத்தல், மேல்பல் ஆடுதல், கண் பிதுங்குதல் ஆகியவை புற்றின் அடையாளங்களாக இருக்கலாம். இங்கே தூசிக்கும் பங்குண்டு, ஆனால் அது வேறு தூசி: தச்சுப் பட்டறையின் மரத்தூளும் செருப்புத் தொழிற்சாலையின் தோல் தூளும் மூக்குப் புற்றோடு தொடர்புள்ளவை என்பது நிரூபணமானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் தொலைவில் இல்லை.

சுரங்க நிறுவனத்தின் மருத்துவமனையும் சுரங்கத்தோடு போய்விட்டது. ஸ்கேன், அறுவை என்றால் கோலார், பெங்களூர் அல்லது வேலூர். பெங்களூருக்குத் தினமும் ரயிலேறிப் பிழைக்கும் ஊரில் ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் கூலி. எனவே கடையில் ஸ்பிரே வாங்கிக் காலம் தள்ளத் தோன்றும். ஸ்டீராய்டு ஸ்பிரே ஒவ்வாமைப் பாலிப்பைச் சுருக்கும். மேற்சொன்ன எதையும் கரைக்காது. சர்க்கரை நோயாளிக்கு ஒரு பக்க முகவலியோடு மூக்கில் கறுப்புப் பொருக்கு தட்டினால், 2021-இல் நாடே பார்த்த கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம். அப்போது அன்றைக்கே ரயிலேற வேண்டும்.