காஸ்ஃபோர்த் சிலுவையில் லோக்கிக்கு என்ன வேலை?

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியாவில் உள்ள சிற்றூர் காஸ்ஃபோர்த். அங்குள்ள தேவாலய வளாகத்தில் ஏறத்தாழ நான்கரை மீட்டர் உயரத்துக்கு ஒரு செம்மணற்கல் சிலுவை நிற்கிறது. 10ஆம் நூற்றாண்டில் செதுக்கியது. அடியில் உருண்டையாகத் தொடங்கி மேலே நான்கு முகமாக மாறும் அந்த ஒல்லியான தூணில் இயேசு ஓரிடத்தில்தான் வருகிறார். மற்றக் காட்சிகளில் பல வைக்கிங்குகளின் பழைய தெய்வக் கதைகள். அங்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் அரைகுறையாக மதம் மாறி, இரண்டு பக்கத்துச் சாமிகளையும் சேர்த்துக் கும்பிட்டதற்கு இது சான்று என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்தெந்தக் கதைகளைப் பொறுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தால், குழப்பத்துக்கு இங்கே இடமே இல்லை.

மேற்கு முகத்தில், அந்தக் கதைகளில் தெய்வங்களுக்கே தீங்கிழைத்த லோக்கி கட்டுண்டு கிடக்கிறான். அவன்மேல் சொட்டும் பாம்பு நஞ்சை மனைவி சிகின் கிண்ணத்தில் ஏந்துகிறாள். கிழக்கு முகத்தில் விதார் என்னும் தெய்வம், கோர விலங்கின் கீழ்த்தாடையில் கால் ஊன்றி மேல்தாடையைக் கையால் பிளக்கிறது. இரண்டுமே ரக்னரோக் என்னும் உலக முடிவுக் கதையைச் சேர்ந்தவை: கட்டிவைத்த தீமை அவிழ்கிறது, பழைய தெய்வங்கள் மடிகின்றன, பிறகு புது உலகம் எழுகிறது. போதகர் ஒருவருக்கு இதைவிட வசதியான கதை கிடைக்குமா? விதாருக்குக் கீழே, அதே முகத்தில்தான் சிலுவையேற்றக் காட்சி. இயேசுவின் காலடியில் நிற்கும் பெண்ணோ பின்னிய கூந்தலும் தரையில் புரளும் ஆடையுமாக ஸ்காண்டிநேவியச் சிற்பங்களிலிருந்து நேரே இறங்கி வந்தவள் போலிருக்கிறாள்.

இந்தக் கதைகளை ஐஸ்லாந்தில் ஸ்னோரி என்ற எழுத்தாளர் எழுதிவைத்தது சுமார் 1220இல்தானே, முன்னூறு ஆண்டு பிந்திய நூலை வைத்துக் கல்லைப் படிக்கலாமா என்பது நியாயமான கேள்வி. சிலுவையில் கொம்பேந்தி நிற்கும் ஒருவனுக்குத் தெய்வங்களின் காவலனான ஹைம்டால் என்று பெயர் சூட்டும்போது அந்த எச்சரிக்கை தேவைதான். ஆனால் கட்டுண்டவன், பாம்பு, கிண்ணம் ஏந்திய பெண் மூன்றும் ஒரே சட்டகத்தில் வரும்போது, நூலுக்கு முன்பே கதை வாய்மொழியில் உலவியது என்றுதானே கொள்ள வேண்டும்?

இதைவிட வலுவான மறுப்பு தேவாலயத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள இன்னொரு கல்லில் தோர், எருதுத் தலையைத் தூண்டிலில் மாட்டி உலகப் பாம்பைப் பிடிக்க முயல்கிறான். தோர் மக்களின் செல்லத் தெய்வம், ஆகவே இது பழைய பக்தி என்று வாதிடலாம். ஆனால் அதே கல்லின் மேற்பாதியில் பாம்போடு பொருதும் மான் இருக்கிறது; சாத்தானை வெல்லும் கிறிஸ்துவுக்குத் திருச்சபை வழங்கிய உருவகம் அது. தூண்டில் கதையில் தோரால் கொல்ல முடியாமல் போன பாம்பின்மீது மானை நிறுத்தியவருக்கு யாரை வெல்ல வைப்பது என்பதில் ஐயமே இருந்திருக்காது.